மெழுகு வைத்து மூடிய ஜாடி

1

இதைக் கதையாக எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டது கட்டுரை. நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. அரக்குப் பூசிய பெட்டி, பீங்கான் ஜாடி, செதுக்கிய மரப்பேழை என்று பல நாட்டுச் சாமான்களை ஒரே கூடத்தில் அடுக்கி இந்த வசந்தத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். அதற்கு ஒரு சின்னப் புத்தகமும் உண்டு. "மனுஷங்க ஏன் பெட்டி செஞ்சாங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதுங்க, கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்" என்றார் எங்கள் தலைவர்.

உருக்கமாகவாம்! நெய்யா என்ன, அடுப்பில் வைத்து உருக்க?

உட்கார்ந்தேன். "பெட்டி என்பது மனிதனின் ஆதி—" (வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே படிக்கமாட்டேன்.) "மூடி இல்லாத உலகத்தை நினைத்துப் பாருங்கள்—" (யாரும் நினைத்துப் பார்க்கப்போவதில்லை.) நாள்கள் போய்க்கொண்டே இருந்தன. எனக்கோ மனதில் வேறு ஒரு ஜாடி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அது கண்காட்சியில் இல்லை. மண்ணுக்குள் இருக்கிறது. முழுசாக இருக்கிறதா உடைந்து இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஆங்கிலத்தில் எழுதவேண்டிய கட்டுரையைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழில் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அது இப்போது எனக்கு வசதி.

2

கட்டுரை எப்படிப் போயிருக்கும் என்று கொஞ்சம் காட்டிவிடுகிறேன். பட்ட பாடு வீணாகவேண்டாம்.

ஜப்பானிலிருந்து வந்த ஓர் அரக்குப் பெட்டி எங்களிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அங்கே காவலுக்குப் போன இந்த ஊர்ச் சிப்பாய் கொண்டுவந்தது. ஒரு மரத்தின் பாலை எடுத்து, பூசிக் காயவைத்து, மறுபடி பூசிக் காயவைத்து, கடைசியில் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதபடி கறுகறுவென்று ஆக்கிவிடுகிறார்கள். மூடியை மேலே வைத்துக் கையை எடுத்துவிட்டால் அது தானாக மெல்ல இறங்கி உட்காரும். அவ்வளவு கச்சிதம். பர்மாவின் வெற்றிலைப் பெட்டி ஒன்று உண்டு, மூங்கில் பின்னலின் மேல் அதே மாதிரிப் பூச்சு.* சீனத்துப் பச்சை ஜாடி ஒன்று உண்டு. அதில் என்ன வைத்தார்கள் என்று தெரியாது. "இஞ்சியாக இருக்கலாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிறகு இந்த மண்ணின் பேழை. மாவோரித் தலைவர்கள் தலையில் சூடிய இறகையும் சீப்பையும் வைக்கிற மரப்பேழை. தலை புனிதம், தலையைத் தொட்டதும் புனிதம். சோற்றுக் கை படக்கூடாது என்று கூரைமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். கீழே படுத்திருப்பவர்களுக்கு அடிப்பக்கம்தான் கண்ணில் படும். அதனால் செதுக்கியவர் தன் சாமர்த்தியத்தை அடிப்பக்கத்திலும் காட்டியிருப்பார். நாங்கள் அதை மேசையில் வைத்துவிட்டு, அடிப்பக்கம் தெரியட்டும் என்று கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போட்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் பொதுவாக ஒன்று சொல்லவேண்டுமானால், உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது என்பதுதான். அதையே கடைசி வரியாக எழுதி முடித்திருப்பேன். தலைவரும் உருகியிருப்பார். மண்ணுக்குள் இருக்கும் அந்த ஜாடி, ஹூரியாவின் ஜாடிதான் குறுக்கே வந்து நின்றது.

* என் மாமனாருக்கு இது கிடைத்திருந்தால் மனிதர் வீட்டை விட்டே வெளியே போயிருக்கமாட்டார். இந்தக் குறிப்புக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

3

கதையை எங்கே ஆரம்பிப்பது?

முதல் முயற்சி: ஹூரியா களிமண்ணைப் பிசையும்போது அவள் முகத்தில் ஒரு— (வேண்டாம். களிமண் பிசையும்போது அவள் முகத்தில் ஒன்றும் இருக்காது. வானொலியில் ரக்பி ஆட்டம் ஓடும், திட்டிக்கொண்டிருப்பாள்.)

இரண்டாம் முயற்சி: நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைக்கும் வழக்கம் மாவோரி மக்களிடையே நெடுங்காலமாக— (அருங்காட்சியக வாடை அடிக்கிறது.)

மூன்றாம் முயற்சி: "பிள்ளையோட கொடியை ஊறுகாய் ஜாடியில போட்டு மெழுகு வச்சு அடைச்சிட்டியே, அப்புறம் அவ எங்க வேர் பிடிப்பா?" என்று மனாஹி கேட்டபோது ஹூரியாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.*

இதை வைத்துக்கொள்கிறேன். இந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் வந்தது.

ஹூரியா பானை வனைகிறவள். என் சிநேகிதி. இந்த ஊருக்கு நான் வந்து இறங்கிய புதிதில், அருங்காட்சியகத்துக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுக்க வந்தவள், "உன் பேரை என்னால சொல்ல முடியாது, ஆனா நீ என் வீட்டுக்குச் சாப்பிட வரலாம்" என்றாள். அன்றைக்குப் போனவள்தான், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். மனாஹி அவள் அண்ணன். மகள் பெயர் மெரெயானா. ஒரே மகள்.

மெரெயானா பிறந்தபோது ஹூரியாவுக்குச் சின்ன வயது. சொந்தமாக ஒரு சூளை கட்டி முடித்திருந்தாள். அந்தத் திமிரும் சந்தோஷமும் சேர்ந்து, மகளின் நஞ்சுக்கொடிக்காக ஒரு ஜாடி செய்தாள். அவளுடைய முன்னோர்கள் அதைச் சுரைக்குடுவையிலோ நார்க்கூடையிலோ வைத்துப் புதைத்தார்கள். கொஞ்ச நாளில் குடுவை மக்கும், கூடை மக்கும், உள்ளே இருப்பது மண்ணோடு மண்ணாகும். பிள்ளை அந்த மண்ணின் பிள்ளையாகிவிடும். ஹூரியாவோ ஜாடியை உள்ளும் புறமும் நீலமாக மெருகு பூசி, கடும் சூட்டில் சுட்டு, மூடியை மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்தி, விளிம்பைச் சுற்றித் தேன்மெழுகும் வைத்துவிட்டாள்.

"எதுக்குடி மெழுகு?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அண்ணனோட நாய். பன்னி வேட்டைக்கு வச்சிருந்தான் பாரு, எதைப் புதைச்சாலும் மோப்பம் புடிச்சுத் தோண்டிரும். என் பிள்ளையோடதை நாய் தின்னுடக்கூடாதுன்னு வச்சேன்."

அவ்வளவுதான் காரணம். பயமும் பாசமும். அதன் மேல் ஒரு கோவாய்க் கன்றை நட்டார்கள். கொன்றை மாதிரி மஞ்சளாகத் தொங்கும் பூ. மரம் நன்றாக வளர்ந்தது.

* அவர் சொன்னது பீச் பழம் அடைக்கிற ஜாடி. என் கை ஊறுகாய் என்று எழுதிவிட்டது. அழித்துப் பார்த்தேன், பீச் பழம் போட்டால் எனக்கே சிரிப்பு வரவில்லை. ஊறுகாயே இருக்கட்டும்.

4

(மனாஹியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. கல்யாணமோ சாவோ, நாலு பேர் கூடினால் அவர் எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைக்கவேண்டும். ஊறுகாய் ஜாடி அவருடைய பழைய சரக்கு. வருஷா வருஷம் எடுத்துவிடுவார்.)

மெரெயானாவும் சின்ன வயதில் சிரித்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் பிரிஸ்பேனுக்குப் போனாள். வேலை மாறினாள், வீடு மாறினாள், மறுபடி வேலை மாறினாள். ஒவ்வொரு தடவையும் மனாஹி, "என்ன மருமகளே, இன்னும் மூடி திறக்கலையா?" என்பார். ஒரு தடவை அவள் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவே இல்லை.

இப்போது அவள் வயிற்றில் பிள்ளை. (பிள்ளையின் அப்பா இருக்கிறான், நல்ல பையன்தான். இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை, மன்னிக்கட்டும்.) ஹூரியா மகிழ்ச்சியில் தரையில் நிற்கவில்லை. பேரப்பிள்ளைக்கு ஒரு ஜாடி செய்யப்போகிறேன் என்று களிமண் எடுத்துவர ஆற்றங்கரைக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. திரும்பி வந்து கொட்டகையில் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தோம். மகளிடமிருந்து அழைப்பு வந்தது. ஹூரியாவின் கையெல்லாம் சேறு. போனை நான்தான் எடுத்து, இருவருக்கும் கேட்கிறமாதிரி பலகைமேல் வைத்தேன்.

"அம்மா, நான் வரல. இங்கேயே பெத்துக்கறேன்."

"சரி பெத்துக்கோ. கொடியை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லு. நான் வந்து வாங்கிக்கறேன்."

"வாங்கி? மடியில வச்சுப் பிளேன்ல கொண்டுபோவியா? எல்லையிலேயே புடுங்கிருவாங்க. இங்க ஆஸ்பத்திரியில எரிச்சிடுவாங்களாம். எரிக்கட்டும், விடு."

ஹூரியா சல்லடையைக் கீழே வைத்தாள். "குப்பையோடயா?"

"குப்பையோடதான். என்னோடதை நீ என்ன பண்ணின? மெழுகு வச்சு அடைச்ச. அது இன்னும் மண்ணைத் தொடக்கூட இல்லம்மா. மாமா கிண்டலா சொன்னாரு, நான் சிரிச்சேன். ஆனா நெசம் அதுதானே? நான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. எங்க போய் நின்னாலும் யாரோ வீட்டுல நிக்கிறமாதிரி இருக்கு. என் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம். எரிச்சிட்டா ஒரேயடியா முடிஞ்சு போச்சு."

"அடிப் பாவி, அப்படிச் சொல்லாதடி..."

"வேற எப்படிச் சொல்ல?"

ஹூரியா சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அது உடைஞ்சிருந்தா வருவியா?"

"என்னது?"

"ஜாடி. மரம் இவ்வளவு பெரிசாயிருச்சே. வேர் போய் உடைச்சிருந்தா?"

"உடைஞ்சிருக்காதும்மா. நீ செஞ்ச எதுவும் உடையாது."

"உடைஞ்சிருந்தா?"

"உடைஞ்சிருந்தா வரேன். அங்கேயே பெத்துக்கறேன். ஆனா சீக்கிரம் சொல்லு. இன்னும் கொஞ்ச நாள் போனா என்னைப் பிளேன்ல ஏத்தமாட்டாங்க."

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் மதுரையில் ஆஸ்பத்திரியில் பிறந்தன. கொடியை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. பிள்ளைகள் ஒன்று லண்டனிலும் ஒன்று துபாயிலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதைச் சொல்லி ஹூரியாவைத் தேற்றலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. மதுரையை விட்டு இங்கே வந்து விழுந்த என் அலைச்சலைப் பார்த்தபிறகு அதை அவள் ஆறுதலாக எடுத்துக்கொள்வாளா?

5

தோண்டிப் பார்ப்பதற்கு மனாஹி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறை மேசையில் அண்ணனும் தங்கையும் போட்ட சண்டையை அப்படியே எழுதுகிறேன். திருத்தினால் கெட்டுவிடும்.

"மண்ணுக்குக் குடுத்ததை மண்ணு கிட்டேருந்து கேக்கக்கூடாது. உனக்குத் தெரியாததா?"

"நான் கேக்கல. தொட்டுப் பாக்கறேன்."

"தொடுறதுக்குத் தோண்டணும்ல?"

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நான் ஏன் தோண்டப்போறேன்? உன் வாய்தான் என் பிள்ளையை ஊரை விட்டுத் துரத்துச்சு."

"நானா மெழுகு வச்சேன்?"

"உன் நாய் வச்சுது!"

"செத்துப்போன நாயை எதுக்குடி இழுக்கற?"

"இழுப்பேன். அது உயிரோட இருந்தப்ப என் துணிக்கொடியில காயப்போட்டிருந்த துணியையெல்லாம் இழுத்துச்சு, இப்ப நான் அதை இழுக்கறேன்."

மனாஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய உருவம், தோள் குலுங்கியது. "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்றார். "அவ குட்டியா இருந்தப்ப அதைச் சொன்னா ஓடி வந்து என் காலைக் கட்டிக்குவா. அதுக்காகவே சொன்னேன். அது உள்ள போய் உக்காந்துக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

ஹூரியா எழுந்து போய் அவர் தலையில் கை வைக்கப் போனாள். அண்ணன் தலை, தொடக்கூடாது. கையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் இப்படி முடிவானது: வெளியே எடுக்கக்கூடாது. மரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு குழி, கை போகிற அளவு. மனாஹி வேண்டுதல் சொல்வார். ஹூரியா கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பாள். உடனே மூடிவிடவேண்டும்.

6

(இந்தப் பகுதியைப் பலமுறை எழுதிக் கிழித்திருக்கிறேன். முதல் தடவை மழை பெய்யவைத்தேன். அடுத்த தடவை பறவை கத்தவைத்தேன். அன்றைக்கு மழையும் இல்லை, பறவை என்னவோ கத்திக்கொண்டுதான் இருந்தது, அது எப்போதும் கத்தும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.)

காலையில் போனோம். யாரும் எதுவும் சாப்பிடவில்லை. ஆற்றுக்கு மேலே அவர்கள் குடும்ப நிலம். கோவாய் மரம் பூத்துக் கொட்டியிருந்தது, தரையெல்லாம் மஞ்சள். மனாஹி தொப்பியைக் கழற்றிவிட்டு வேண்டுதல் சொன்னார். குரல் நடுவில் ஒருமுறை உடைந்தது, இருமிச் சமாளித்தார். அவரும் ஹூரியாவும் மாறி மாறித் தோண்டினார்கள். நேராகக் குத்துகிற இந்த ஊர் மண்வெட்டியை எனக்குத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

குழி ஆழமானதும் ஹூரியா மண்வெட்டியைத் தன் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். கையை உள்ளே விடுமுன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

"நான் உன் அண்ணன்."

"திரும்புண்ணே."

திரும்பினோம். மனாஹியும் நானும் தோளோடு தோளாக ஆற்றைப் பார்த்து நின்றோம். முதலில் மண்ணைப் பிராண்டுகிற சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. ஹூரியா தன் மொழியில் யாரிடமோ மெதுவாக ஏதோ சொன்னாள். மகளிடம் பேசுகிறமாதிரி இருந்தது. அதன்பிறகு ஒரே ஒரு சத்தம், "டொக்"கென்று. கழுவும் தொட்டியில் தட்டை வைக்கிறமாதிரி, அதைவிடக் கொஞ்சம் மந்தமாக. என் பக்கத்தில் மனாஹியின் தோள் துள்ளியது.

"கல்லு" என்றார் அவர், ஆற்றைப் பார்த்துக்கொண்டே. "இந்த மண்ணுல கல்லு ஜாஸ்தி."

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"திரும்பலாம்" என்று ஹூரியா சொன்னபோது அவள் எழுந்து நின்று குழியை மூடிக்கொண்டிருந்தாள். தோள்வரைக்கும் மண். முகத்திலும் மண். அழுதிருந்தாளா என்று கேட்டால், ஆமாம், அழுதிருந்தாள். அதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது. ஹூரியா ரக்பிக்கும் அழுவாள்.

புட்டியில் கொண்டுபோன தண்ணீரில் கைகழுவினோம். தலையிலும் தெளித்துக்கொண்டோம். அப்போது நான் அவள் விரல்களைப் பார்த்தேன். எங்கும் கீறல் இல்லை. உடைந்த ஜாடிச் சில்லுகளைத் துழாவிய கை என்றால் கீறியிருக்கவேண்டாமா? (கீறவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவள் கை களிமண்ணிலும் ஓட்டிலும் பழகிய கை.)

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"உடைஞ்சிருக்குடி. வேர் உள்ள புகுந்து உடைச்சிருக்கு. எப்பவோ உடைஞ்சிருக்கு. நீ எப்பவோ மண்ணைத் தொட்டுட்ட. கிளம்பி வா."

7

இனிமேல் முடிவு. மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

அ. வேர்தான் உடைத்தது. அந்தச் சத்தம் மண்வெட்டி கல்லில் பட்ட சத்தம். மெழுகு போன இடம் தெரியவில்லை, நீலச் சில்லுகளைச் சுற்றி வேர் பின்னிக் கிடக்கிறது. எல்லோருக்கும் நல்லது. இதை எழுதும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

ஆ. ஜாடி முழுசாக இருந்தது. ஹூரியா அதன் மூடியை விரலால் தடவிப் பார்த்தாள். தன் சின்ன வயதுக் கைவேலை, இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு விரிசல் இல்லை. மண்வெட்டியை எடுத்துக் குழிக்குள் இறக்கி ஒரே குத்து. போனில் பேசும்போது ஜாடி உடைந்துதான் இருந்தது. வேர், எப்பவோ என்ற இரண்டு சொல் மட்டும்தான் பொய்.

இ. ஜாடி முழுசாக இருந்தது. அவளுக்கு உடைக்கக் கை வரவில்லை. உள்ளே மகள் இருக்கிறாள் என்று நினைக்கிற ஒருத்தி எப்படி உடைப்பாள்? சத்தம் கல்தான். அவள் அப்படியே மூடிவிட்டு மகளிடம்—

(இதை என்னால் முடிக்க முடியவில்லை. இதிலும் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.)

ஹூரியாவிடமே கேட்டுவிட்டேன். கொட்டகையில் புது ஜாடியை வனைந்துகொண்டிருந்தாள். "உன்னைப் பத்தி எழுதறேன்" என்றேன்.

"எந்தப் பாஷையில?"

"என் பாஷையில."

"அப்ப எழுதிக்கோ. அந்தப் பூச்சி பூச்சியா இருக்கிற எழுத்தை இங்க யாரு படிக்கப் போறா?"

"முடிவு தெரியல. உன் கையில என்ன பட்டுச்சு?"

சக்கரத்தை நிறுத்தாமலே சொன்னாள். "உங்க ஆளுங்க என்ன முடிவு கேப்பாங்களோ அதைப் போட்டுக்கோடி. எனக்கு என் பிள்ளை வரணும். வந்து, இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

புது ஜாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு மெருகு இல்லை, மூடி இல்லை. மேலே கட்ட ஒரு நார்த்துணி நெய்து வைத்திருந்தாள். லேசான சூட்டில் மட்டும் சுட்டாள், கையில் எடுத்தால் உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டும். வெளிப்பக்கம் மொட்டையாக இருக்கிறதே என்று பார்த்தால் கோலம் முழுக்க உள்ளே கீறியிருந்தாள். எங்கள் தலைவர் வந்து பார்த்துவிட்டு, கண்காட்சிக்குக் கொடுங்கள், முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று கெஞ்சினார். "பாக்கறதுக்கு இல்ல இது" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

8

மெரெயானா வந்தாள். இது நிஜம், இதில் மாற்று எதுவும் இல்லை. விமான நிலையத்துக்கு ஹூரியா போகவில்லை. "நான் வந்தா வாய்விட்டு அழுதுருவேன், அவளுக்கு அது ஆகாது, நீ போய்க் கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினாள். வீட்டில் அவளும் மனாஹியும் காத்திருந்தார்கள். மனாஹி அன்றைக்கு எந்த வேடிக்கையும் பேசுவதில்லை என்று தங்கையிடம் சத்தியம் செய்திருந்தார். முந்தினநாளே ஒத்திகைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சின்ன விமானம். படியில் வயிறு முதலில் வந்தது, பிறகு அவள் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, மாவோரி வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்தாள். "சித்தி" என்றாள்.* பையை நான் வாங்கிக்கொண்டேன். கனக்கவில்லை. நிரந்தரமாக வருகிறவளின் பை மாதிரி இல்லை.

வண்டியில் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர்ச் செய்தி எல்லாம் கேட்டாள். மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆற்றுப் பாலம் தாண்டி மேடு ஏறியதும் தூரத்தில் அந்த மரம் தெரிந்தது. பூ அநேகமாக உதிர்ந்துவிட்டிருந்தது.

"சித்தி, கொஞ்சம் நிறுத்துங்களேன்."

ஓரமாக நிறுத்தினேன்.

"திரும்பிப் போற டிக்கெட்டும் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். இந்த வாரக் கடைசியில ஒரு பிளேன் இருக்கு. அதுவரைக்கும் என்னை ஏத்துவாங்க." கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "அம்மா எனக்காக எதையும் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும். மாமா, அம்மா சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுவாரு. நீங்கதான் எங்க ஆளு இல்ல, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. நீங்க அங்க இருந்தீங்கல்ல? அது நெசமாவே உடைஞ்சுதான் இருந்துச்சா?"

எங்க ஆளு இல்ல என்றாள். இத்தனை காலம் இங்கே இருந்துவிட்டேன், அந்த நேரத்திலும் அது சுருக்கென்றது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எல்லாவற்றையும் மேலே எழுதிவிட்டேன். திரும்பி நிற்கச் சொன்னாள், நின்றேன். ஒரு சத்தம் கேட்டது. மனாஹியின் தோள் துள்ளியது. விரலில் கீறல் இல்லை. "நான் பார்க்கலம்மா" என்றால் அது உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் அவள் வண்டியைத் திருப்பச் சொல்லுவாள். "ஆமா, உடைஞ்சுதான் இருந்துச்சு" என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மண்ணில் நிற்க அவள் காலடியில் நான் வைக்கிற கல் பொய்யாக இருந்துவிட்டால்?

கொட்டகையில் ஹூரியா இந்நேரம் ஜாடியைத் துணியால் மூடி வைத்திருப்பாள். வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. அதை எழுதினால் எல்லாம் மூடிக்கொள்ளும். இந்த ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் உங்களிடம் கொடுத்திருக்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இப்போது வண்டி நிற்கிறது. அவள் பக்கத்து இருக்கையிலிருந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள், அவளுக்கு நேரம் அதிகம் இல்லை.

* அவள் சொன்ன சொல் "ஆன்ட்டி". இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஆன்ட்டி. அதைச் சித்தி என்று எழுதியது நான். ஆசைப்பட்டு எழுதினேன், அழிக்கமாட்டேன்.